பதினான்கு விநாடி

அத்தியாயம் 12

சவரிராயலு வீதி வீட்டில் போன வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். லொரான் இறந்து ஒரு மாதம் ஆகிறது. பிரான்சில், துலூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில், இதய ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டான். நாற்பத்தொரு வயது. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. இங்கே மிச்சம் இருப்பது அப்பா பெர்னார், அம்மா மார்கரீத், தங்கை அமாந்தின்.

மூவரில் அழுது தீர்த்தது மார்கரீத் மட்டும்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்த சொல்தா அழமாட்டார் என்று தெருவில் பெர்னாரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். தெருவுக்கு என்ன தெரியும்? அவர் அழாததற்குக் காரணம் கோபம். அமாந்தின் அழாததற்குக் காரணம் பயம்.

புதன்கிழமை காலை. முப்பதாம் நாள் பூசை, மாதா கோயிலான சம்பா கோயிலில், மாலை ஆறு மணிக்கு.

"வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வெச்சிருக்கேன். அஞ்சரைக்குக் கிளம்பணும்," என்றாள் மார்கரீத்.

பெர்னார் காபியிலிருந்து தலை தூக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"முப்பதாம் நாளுங்க."

"எத்தினியாவது நாளா இருந்தா என்னா? பேசிக்கிட்டு இருக்கறப்பவே மூஞ்சியில அடிச்ச மாதிரி போனை வெச்சிட்டுப் போனவன். அவனுக்கு நான் முட்டி போடணுமா?"

"செத்துப்போன பிள்ளை மேல இன்னுமா கோவம்?"

"செத்ததுனாலதான் கோவம். உசிரோட இருந்தா மறுநாளே கூப்பிட்டு ஏன்டா வெச்சேன்னு கேட்டிருப்பேன். இப்ப யாரைக் கேக்கறது?"

யாரைக் கேட்க வேண்டுமோ அந்த அமாந்தின் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஹாலைத் தாண்டும்போது கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. அங்கே இரண்டு கடிகாரங்கள். ஒன்று இந்த ஊர் நேரம். இன்னொன்று பிரான்ஸ் நேரம். பிள்ளை அங்கே இருக்கும் பல வீடுகளில் இப்படி இரண்டாவது கடிகாரம் உண்டு. அந்த நாட்டில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசியில் பின்னால் இழுப்பார்கள். அந்த இரண்டு ஞாயிறும் பெர்னார் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்புவார். பூசைக்குப் போவது தவறினாலும் இது தவறாது.

ஆறு வருஷத்துக்கு முன்பு லொரான் விவாகரத்தான ஒரு பெண்ணைக் கோயில் இல்லாமல், சாமியார் இல்லாமல், நகரசபையில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டான். "நீயும் அவளும் இந்த வாசலை மிதிக்கக்கூடாது," என்று பெர்னார் போனில் கத்தினார். அன்றைக்கே ஸ்டூல் போட்டு ஏறி, பிரான்ஸ் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். அதிலிருந்து அங்கே மணி நாலு இருபது. மறு வருஷம் பேத்தி பிறந்தாள். அவள் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட லொரான்தான் போன மாதம் முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போன் செய்தான். மார்கரீத் கோயிலுக்குப் போயிருந்தாள். எடுத்தது பெர்னார். இரண்டு நிமிஷம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மார்கரீத் திரும்பி வந்து கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் புள்ள பேசினான். வெச்சிட்டான்." மாலைக்குள் சாவுச் செய்தி வந்துவிட்டது.

லொரான் வைக்கவில்லை. அமாந்தினுக்குத் தெரியும். அந்தப் போனை அறுத்தது அவள்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறைக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவே இருந்தது அவள் அலுவலகம். ஊருக்கும் பிரான்சுக்கும் இடையே போன் பேச்சுகளை இன்டர்நெட் வழியாகக் கடத்தும் சின்ன கம்பெனி. இந்தப் பக்கம் பேச்சைக் கடத்தும் கணினிகளுக்கு அவள்தான் பொறுப்பு.

பெரிய கணினி ஒன்றுக்குள் பத்துக் கணினிகளைக் குடிவைப்பது அவள் வேலை. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். கட்டடம் ஒன்று, குடித்தனம் பத்து. ஒவ்வொன்றும் வெளியே பேச ஒரு நெட்வொர்க் கார்டு. கார்டு கெட்டாலோ, குடித்தனத்தையே வேறு கணினிக்கு மாற்றினாலோ, பேச்சு ஒரு மாற்று வழிக்குத் தாவ வேண்டும். தாவுகிற அந்த இடைவெளிதான் வில்லங்கம். வெளியே இருந்து பேச்சைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் பெட்டிக்கு ஆள் வாசல் மாறியது தெரியாது. பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஓடும் பேச்சு அத்தனையும் வீணாகப் போகும்.

அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று அளக்கத்தான் அந்தத் திங்கட்கிழமை அவள் கார்டைக் கழற்றினாள். அதற்கு நேரம் பார்த்து வைத்திருந்தாள். நம் ஊரில் பத்தரை என்றால் அங்கே காலை ஆறு. ஆறு மணிக்கு பிரான்சிலிருந்து ஈ காக்கா கூப்பிடாது. ஏழுக்கு மேல்தான் போன்கள் வரத் தொடங்கும்.

முந்தின நாள் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு. அங்கே கடிகாரத்தை மாற்றிவிட்டார்கள். ஆறு என்று அவள் நினைத்தபோது அங்கே ஏழு. வீட்டில் அந்த ஸ்டூல் போடுகிற சத்தம் ஆறு வருஷமாகக் கேட்கவில்லை. அவளும் மறந்தே போனாள்.

பத்து முப்பத்திரண்டு, எட்டாவது விநாடியில் கார்டு போனது. இருபத்திரண்டாவது விநாடியில் மாற்று வழி உயிர்பெற்றது. பதினான்கு விநாடி. பத்து விநாடி குரல் வராவிட்டால் இந்தப் பக்கத்துக் கணினி தானாகவே இணைப்பை அறுத்துவிடும். அறுந்த போன்களின் பட்டியலில் ஒரே ஒரு எண்தான் இருந்தது. அது அவள் வீட்டு எண்.

இன்று எட்டு மணிக்கே சோதனை. துலூஸில் அப்போது நாலரை. இப்போதெல்லாம் அவள் மூன்று முறை சரிபார்க்காமல் எதையும் தொடுவதில்லை.

"ஆரம்பிக்கலாமா மேடம்?" என்றார் சக்கரபாணி. பாகூரில் நெல் வயலும் இங்கே டெக்னீஷியன் வேலையுமாக இருப்பவர். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்த சேறு செருப்பு ஓரத்தில் காய்ந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை அவரும் கூட இருந்தவர். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"எண்ணுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

அவர் அடுத்த அறைக்குப் போய்ப் போனில் எண்ணத் தொடங்கினார். அமாந்தின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

இந்த ஒரு மாதத்தில் அவள் இரண்டு காரியம் செய்திருந்தாள். மாற்று வழி எப்போதும் எழுந்து தயாராக நிற்க வேண்டும், அது தயாரில்லாமல் பழைய கார்டைக் கழற்றக் கூடாது. பொறுப்பு கைமாறிய அதே கணத்தில், யாரும் கேட்காமலே, "நான் இனிமேல் இந்த வாசலில் இருக்கிறேன்" என்று ஸ்விட்சுக்குச் செய்தி போய்விட வேண்டும். சொல்லும்போது சின்ன விஷயம்தான். செய்துமுடிக்க இருபத்தாறு நாள் ஆயிற்று.

"முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு…"

கார்டைக் கழற்றினாள்.

"முப்பத்திமூணு, முப்பத்திநாலு, முப்பத்தஞ்சு…"

ஒரு எண்கூட விழவில்லை. திரையில் அரை விநாடிக்கும் குறைவாகக் காட்டிற்று. இன்னும் நாலு தடவை செய்தாள். நாலு தடவையும் அப்படியே.

சக்கரபாணி சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். "பிரமாதம் மேடம்! நூத்தி எண்பது வரைக்கும் எண்ணியிருக்கேன், ஒண்ணு கூட…" அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் அண்ணன் பேசி முடித்திருப்பான். அப்பா கேட்டு முடித்திருப்பார். அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"மேடம், சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றார் சக்கரபாணி மெதுவாக. "உங்க வீட்டு லைன் கம்பெனி போட்டுக் குடுத்த டெஸ்ட் லைன்தானே. டெஸ்ட் லைன் பேச்செல்லாம் பிரான்ஸ் பக்கத்து மெஷின் பதிவு பண்ணி வெக்கும். முப்பது நாள்தான் வெக்கும். இன்னியோட அழிஞ்சிடும்."

அது அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு நாளும் அந்த மெஷினுக்குள் போய் அந்தப் பதிவின் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள் அவள். இந்தப் பக்கம் வழி அறுந்தபோது அந்தப் பக்கம் அறுந்துவிடவில்லை. அந்த மெஷின் இருபது விநாடி காத்திருந்து பார்க்கும். இங்கே அப்பாவுக்கு எதுவும் கேட்காத நேரத்தில் அண்ணன் அங்கே ஏதோ பேசியிருக்கிறான். அது அதில் இருக்கிறது. கோபத்தில் அப்பாவைத் திட்டியிருந்தால்? செத்தவன் வாயால் அதைக் கேட்டு யாருக்கு என்ன லாபம்?

"எடுத்து மட்டும் வெச்சிக்கங்க மேடம். கேக்கறதும் கேக்காததும் உங்க இஷ்டம். போயிட்டா எந்த சாமி வந்தாலும் தராது."

மதியம் மூன்று மணிக்கு அவள் அதை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டாள். திறக்கவில்லை. இதைத் தனியாகக் கேட்கிற உரிமை தனக்கில்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. பெர்னார் ஹாலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பெட்டி போட்ட வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

அமாந்தின் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பப்பா, அண்ணன் போனை வெக்கல."

"என்னா?"

"நான்தான் அறுத்தேன். தெரியாம. அன்னிக்கு ஆபீஸ்ல ஒரு கார்டைக் கழட்டி இன்னொண்ணுக்கு மாத்திப் பார்த்தேன். மாறறதுக்குப் பதினாலு செகண்ட் ஆச்சு. அதுல உங்க லைன் போயிடுச்சு."

பெர்னார் அவளையே பார்த்தார். "மாத்து வழி தயாரா இருக்குதான்னு பார்க்காமலா பழசைக் கழட்டினே?"

"ஆமா பப்பா."

"காவல்ல நிக்கறவன், மாத்து ஆள் வந்து பக்கத்துல நின்னாதான் இடத்தை விட்டு நகரணும். பட்டாளத்துல முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. இத்தினி படிச்சவளுக்கு யாரும் சொல்லலியா?"

அமாந்தின் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுவும் பத்தரை மணிக்கு. ஜனங்க பேசற நேரத்துல."

"அங்கே ஆறு மணின்னு நினைச்சேன். கடிகாரம் மாத்தின ஞாயித்துக்கிழமைங்கறதை மறந்துட்டேன்."

பெர்னாரின் கண் சுவருக்குப் போயிற்று. நாலு இருபது.

சமையலறை வாசலில் மார்கரீத் வந்து நின்றாள். கை ஈரம் சொட்டியது.

"அண்ணன் அன்னிக்குப் பேசினது இதுல இருக்கு," என்றாள் அமாந்தின். "நான் இன்னும் கேக்கல. என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

"போடு," என்றார் பெர்னார்.

லொரான் குரல் வந்தது. மார்கரீத் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பப்பா, நான்தான்."

நீளமான இடைவெளி. பிறகு பெர்னாரின் குரலே: "சொல்லு."

"மமான் இல்லியா?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

"எனக்கு இன்னிக்கு நெஞ்சுல ஆபரேஷன் பப்பா. இன்னும் அரை மணியில உள்ளே கொண்டுபோயிடுவாங்க. அதான் சும்மா கூப்பிட்டேன்."

மறுபடி இடைவெளி. யாரோ மூச்சு விடும் சத்தம். எதற்கோ தொண்டையைச் செருமும் சத்தம். கடைசியில் பெர்னார்: "லொரான், ஆபரேஷன் முடிஞ்சதும்…"

அவ்வளவுதான். பெர்னாரின் குரல் அங்கே நின்றுபோயிற்று.

லேப்டாப் ஓடிக்கொண்டே இருந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த பெர்னார், தன்னை அறியாமல், விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். "…முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா. அவளையும் கூட்டியா. குழந்தையையும் கூட்டியா. பழசு எதுவும் வேணாம்." மந்திரம் போல ஒரே மூச்சில் சொன்னார். இந்த ஒரு மாதமும் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாரோ.

"பப்பா?" என்றான் லொரான். "முடிஞ்சதும் என்னா பப்பா?" கொஞ்ச நேரம் கழித்து, "அலோ? இருக்கீங்களா?"

பக்கத்தில் ஒரு குழந்தையின் குரல். ஆபரேஷனுக்கு முன் பார்க்க அழைத்து வந்திருப்பார்கள் போலிருக்கிறது. பிரெஞ்சில் ஏதோ கேட்டது. அந்த வாக்கியத்தில் தமிழ் ஒரே ஒரு சொல்தான். தாத்தா.

லொரானும் பிரெஞ்சில், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான்: "தாத்தாவுக்கு இப்போது காபி நேரம் செல்லம். அப்புறம் அவரே கூப்பிடுவார். உன்னோடும் பேசுவார்."

பதிவு முடிந்தது.

மார்கரீத் வாசற்படியிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெர்னார் முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அந்தத் தெரு இப்போது வந்து பார்த்திருக்க வேண்டும்.

"நான் வீட்டுக்கு வான்னு சொன்னது அவன் காதுல விழவேயில்லியா?"

"இல்ல பப்பா."

"ஒரு வார்த்தை கூட?"

"முடிஞ்சதும்கற வரைக்கும்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அமாந்தின் அவர் முழங்காலைத் தொட்டாள். அவர் அந்தக் கையைத் தள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"உன் மேல கோவம் இருக்கு. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அது போறப்ப போகட்டும்." சுவரைப் பார்த்து, "கடிகாரத்தை நிறுத்தினது நான்," என்றார்.

மார்கரீத் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரே கூப்பிடுவாருன்னு அந்தக் குழந்தைகிட்ட சொன்னானா?"

"ஆமா பப்பா."

"ஒரு மாசமாச்சு." பெர்னார் எழுந்தார். "இன்னிக்கு என்னா கிழமை?"

"புதன்."

"புதன்கிழமை அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. வீட்லதான் இருக்கும்."

ஸ்டூலை அவரே இழுத்துப் போட்டார். எழுபத்தாறு வயதில் ஏற வேண்டாம் என்று மார்கரீத் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. டார்ச் லைட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தரச் சொல்லிக் கடிகாரத்தில் போட்டார். "அங்கே மணி என்னா, சரியாச் சொல்லு."

"ஒண்ணு இருபத்தஞ்சு." சொல்லிவிட்டு அமாந்தின் தன் செல்போனில் இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "ஆமா, ஒண்ணு இருபத்தஞ்சு."

முள்ளைத் திருப்பி வைத்தார். இறங்கி வந்து, நாற்காலியிலிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் மாட்டிக்கொண்டார்.

"பேர் என்னா அதுக்கு?"

"லோரா."

"லோரா," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நம்பரைப் போடு."

அமாந்தின் போட்டாள். அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. பெர்னார் நின்றுகொண்டே ரிசீவரைக் காதில் வைத்திருந்தார்.

"இந்தத் தடவை அறுந்துடாதே?"

இந்த ஒரு மாதத்தில் அவள் தயங்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான். "அறுந்துடாது பப்பா."

எடுத்தார்கள். எடுத்தது குழந்தை இல்லை. "அலோ?" என்ற அந்தக் குரல் லொரானின் மனைவியுடையது. வாசலை மிதிக்கக்கூடாது என்று பெர்னார் சொல்லியிருந்த பெண். சாவுச் செய்தியை இந்த வீட்டுக்குச் சொன்னதும் அவள்தான். அன்றைக்கும் பெர்னார் அவளிடம் பேசாமல் ரிசீவரை மார்கரீத்திடம் நீட்டிவிட்டார்.

"நான் லொரானோட அப்பா பேசறேன்," என்றார் பெர்னார் பிரெஞ்சில்.

மறுமுனையில் பேச்சில்லை.

அவர் ரிசீவரை மகள் பக்கம் நீட்டினார். "போயிடுச்சா? மறுபடியும் போயிடுச்சா, பாரு."

அமாந்தின் காதில் வைத்துக் கேட்டாள். எங்கேயோ குழாயில் தண்ணீர் ஓடிற்று. ஒரு தட்டில் கரண்டி பட்டது. ரிசீவருக்கு மிக அருகே ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"லைன் இருக்கு பப்பா," என்றாள். "அவங்கதான் பேசல."

பெர்னார் ரிசீவரைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். சுவரில் பிரான்ஸ் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் வைக்கவில்லை.